கம்பை விட்டவன் நூடுல்ஸை ஏசலாமா?

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் மழையைப் பற்றிப் பேச்சு வரும். இப்போது நூடுல்ஸைப் பற்றி வருகிறது. பேச்சு என்று சொல்வதைவிட ஏச்சு என்று சொல்லலாம். ‘புழு மாதிரி நெளியுது’, ‘சீனாக்காரன் சாப்பாடு’, ‘பிள்ளைகள் குடலைக் கெடுக்குது’, ‘நம்ம கம்மங்கஞ்சியைக் கொன்னதே இதுதான்’. போன மாதம் அந்த ஏச்சு ஒரு படி மேலே போய் மனுவாகிவிட்டது. டியூஷன் நடக்கும் தெருக்களில் சாயங்காலம் போடுகிற ஃபாஸ்ட் ஃபுட் தள்ளுவண்டிகளை எல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்று மூத்த குடிமக்கள் பேரில் ஒரு மனு. காலையில் என்னோடு நடக்கிற நண்பர்களில் பாதிப் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை. ‘ஏன் போடலை?’ என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் நடைபாதையில் நின்று பதில் சொல்லி மாளவில்லை. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. பேசுகிற பொருளைத் தின்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் ஒரு வாய் நூடுல்ஸ் தின்றிருப்பார்கள் என்று விசாரித்தேன். மூன்று பேர். அதில் ஒருவர் பேரன் தட்டில் மிச்சம் வைத்ததைத் தின்றவர். தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் ஓடி ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த ஒரே ஆடம்பரம், போகிற ஊரில் தெரியாத சாப்பாட்டை ஒரு தட்டு வாங்கி ருசி பார்ப்பது. சர்க்கரை இருக்கிறது. ஆகையால் அரைத் தட்டு. அந்த அரைத் தட்டுகளை வைத்துத்தான் பேசுகிறேன்.

நம்ம ஊர் தள்ளுவண்டி நூடுல்ஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? மத்தியானமே வேகவைத்து, வடித்து, எண்ணெய் தடவி உதிர்த்து வைத்திருப்பார்கள். பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் பொடியாக நறுக்கிய பூண்டு, வெங்காயம், நீளநீளமாகச் சீவின முட்டைக்கோஸ், கேரட். அடுப்பு ‘ஓ’ என்று இரைகிற தீயில் ஒரு நிமிஷம். பிறகு நூடுல்ஸ், உப்பு, மிளகுத்தூள், சோயா சாஸ், ஒரு சொட்டு வினிகர். சட்டியைத் தூக்கி நாலு தடவை எத்தி எடுத்தால் தட்டுக்கு வந்துவிடும். முட்டைக்கோஸ் வதங்கியும் வதங்காமலும் நறுக்கென்று இருக்கும். கருகின வாசனை ஒன்று வரும், அதுதான் ருசியே. நன்றாகச் செய்தால் நல்ல சாப்பாடு. மட்டமாகச் செய்தால் மட்டமான சாப்பாடு. இட்லிக்கும் அதே விதிதான்.

சரி, குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் குற்றச்சாட்டு, அது அந்நியச் சாப்பாடு. நம்ம ஊரில் இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு நிஜமான வலி இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. சீனாவிலிருந்து வந்த மலிவு லைட்டர் நம் தீப்பெட்டித் தொழிலை எப்படி அடித்தது என்று நமக்குத் தெரியும். கத்தி, போராடி, மனுக் கொடுத்து, கடைசியில் 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. ஆனால் லைட்டர் கப்பலில் வந்தது. நூடுல்ஸ் அப்படி வரவில்லை. நம் தெருவில் கிண்டுகிற நூடுல்ஸ் இந்தியக் கோதுமை, இந்திய ஆலை, நம்ம ஊர் முட்டைக்கோஸ். அதைக் கிண்டுகிற பையனின் அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினவர். லைட்டர் மேல் உள்ள கோபத்தை அந்த அம்மாவின் மகன் மேல் காட்டினால் எந்த ஊர் நியாயம்?

‘சைனீஸ்’ என்று போர்டு போட்டிருந்தாலும் அந்தச் சமையல் சீனச் சமையலே இல்லை. கல்கத்தாவில் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர், குறிப்பாகத் தாங்ரா பகுதியில் தோல் பதனிட்டுப் பிழைத்த ஹக்கா மக்கள், நம் மிளகாயையும் மசாலாவையும் சேர்த்து உருவாக்கிய சமையல் அது. ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்ற பெயரே அவர்களால் வந்தது. பிள்ளைகள் உருகுகிற ‘மஞ்சூரியன்’ இருக்கிறதே, அதற்கும் சீனாவின் மஞ்சூரியாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1975-ல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் சமைத்துக்கொண்டிருந்த நெல்சன் வாங் என்ற கல்கத்தாக்காரர், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயை வதக்கி சோயா சாஸும் சோளமாவும் சேர்த்துச் செய்தது என்று சொல்வார்கள். 1962 சண்டையின்போது இந்த மக்களில் ஆயிரக்கணக்கானவர்களை ‘சீனன்’ என்று சொல்லி ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்து வைத்தோம். அவர்கள் பாடுபட்டு உருவாக்கின சாப்பாட்டை இன்றைக்கும் ‘சீனாக்காரன் சாப்பாடு’ என்று தள்ளினால் அறுபது வருஷத்தில் நாம் ஒன்றும் கற்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அதைவிட வேடிக்கை, நூடுல்ஸ் தமிழர்களுக்குப் புதிதே இல்லை. சென்னைக்குப் போனால் பாரிமுனை பர்மா பஜார் பக்கம் சாயங்காலம் ஒரு நடை போய்ப் பாருங்கள். அத்தோ என்று ஒரு பண்டம். வேகவைத்த நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கின பேஜோ எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். முதல் வாயிலேயே புளிப்பும் உறைப்பும் நம் புளிச்சோற்றுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். அதைக் கொண்டுவந்தவர்கள் பர்மாவில் இரண்டு மூன்று தலைமுறை உழைத்த தமிழர்கள். 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி வந்து, கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது உடுத்தின துணியோடு கப்பல் ஏறியவர்கள். சொத்தைக் கொண்டுவர முடியவில்லை. கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தார்கள். அதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ‘மீ கோரெங்’ என்று சிவப்பாக ஒரு நூடுல்ஸ் கிடைக்கும். தக்காளி, மிளகாய் விழுது, உருளைக்கிழங்கு, முட்டை போட்டு வறுத்தது. அதற்குப் பேர்போனவை அங்குள்ள தமிழ் முஸ்லிம் கடைகள். நமக்கு மேற்கே கிடக்கிற கடையநல்லூரிலிருந்தும், கிழக்கே ராமநாதபுரம் சீமையிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கரைகளுக்குப் போயின. ஆக, நம் மக்கள் கடல் கடந்து போய் நூடுல்ஸ் கிண்டி ஊருக்கு மணியார்டர் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகள் ஆயின. தபால்காரனாக இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அந்நியம் என்று தள்ள ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பது? மிளகாய் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அதற்கு முன் நம் குழம்பில் மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அவ்வளவு ஏன், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கி நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோமே, நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், அதில் இருக்கிற நிலக்கடலையின் பூர்வீகம் தென் அமெரிக்கா. எங்கிருந்தோ வந்த கடலையைக் கரிசல் மண்ணும் தாமிரபரணித் தண்ணீரும் வெல்லப்பாகும் நம்முடையதாக்கின. கருப்பட்டியில் செய்ததை வெல்லத்துக்கு மாற்றினவர்களை அன்றைக்கு யாராவது ‘பாரம்பரியத்தைக் கெடுத்துவிட்டான்’ என்று மனுப் போட்டு விரட்டியிருந்தால் இன்றைக்கு அந்தப் பெருமை நமக்கு இருக்குமா?

இரண்டாவது குற்றச்சாட்டு, அது விஷம். இங்கேதான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அஜினோமோட்டோ என்றதும் நம் ஆட்கள் பாலிடால் பெயரைக் கேட்டதுபோல் பதறுகிறார்கள். 1908-ல் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய விஞ்ஞானி கடற்பாசி ரசத்தின் ருசி எதனால் வருகிறது என்று ஆராய்ந்து பிரித்தெடுத்தது அது. அதே குளுட்டமேட் தக்காளியிலும் இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. 1968-ல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஒரு டாக்டர் எழுதின சின்னக் கடிதத்திலிருந்து கிளம்பிய பயம் இது. பிறகு ஒழுங்காக நடந்த சோதனைகளில் அந்தப் பயம் உறுதிப்படவில்லை. உப்பைப் போலவே அதுவும் அளவோடு போட வேண்டிய பொருள், அவ்வளவுதான்.

2015-ல் நடந்த கூத்தும் நினைவிருக்கும். ஜூன் மாதம் மேகி நூடுல்ஸுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது. தமிழ்நாடு அரசு மேகியோடு இன்னும் மூன்று கம்பெனி நூடுல்ஸையும் மூன்று மாதத்துக்குத் தடை செய்தது. ஈயம் அதிகம் என்றார்கள். ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம், சோதித்த ஆய்வகங்களுக்கு முறையான அங்கீகாரம் இல்லை, கம்பெனி தரப்பை ஒழுங்காகக் கேட்கவும் இல்லை என்று சொல்லித் தடையை ரத்து செய்தது. மறுபடி சோதித்து நவம்பரில் கடைக்கு வந்துவிட்டது. ‘தடை செய்த விஷம்’ என்பது மட்டும் நம் வாட்ஸப் குழுக்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தடை நீங்கின செய்தியை யாரும் ஃபார்வர்டு செய்யக் காணோம்.

அப்படியானால் நூடுல்ஸில் குறையே இல்லையா? இருக்கிறது. மைதா, அதுவும் நார்ச்சத்து இல்லாத வெறும் மாவு. பாக்கெட் நூடுல்ஸ் என்றால் எண்ணெயில் பொரித்துக் காயவைத்தது. மசாலாப் பொட்டலத்தில் உப்பு ஏராளம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்கு மேல் ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஒரு நல்ல பங்கை ஒரு பாக்கெட்டே எடுத்துக்கொள்ளும். தள்ளுவண்டியில் நான் பார்க்கிற குறைகள் வேறு. நேற்றுப் பொரித்த எண்ணெய், ஒரே வாளித் தண்ணீரில் எல்லாத் தட்டும், கோபி மஞ்சூரியனில் ரத்தச் சிவப்புச் சாயம். 2024-ல் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்துத் தமிழ்நாட்டில் தடை போட்டார்கள். கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கை நிறம் போடுவதையே தடுத்தார்கள். சரியான காரியம். சாயத்தைத் தடுத்தார்கள், சமைக்கிறவனை விரட்டவில்லை.

ஆனால் அண்ணாச்சி, அந்த மைதாவை நீங்கள் எங்கேயும் தொட்டதே இல்லையா? மனுவைச் சுற்றுக்கு விட்ட நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைப் பற்றிப் பேசும்போது அவர்கள் கண்ணில் வருகிற ஒளி எனக்குத் தெரியும். அதே மைதா. நூடுல்ஸைவிடக் கூடுதல் எண்ணெய். காய்கறி என்று பார்த்தால் சால்னாவில் மிதக்கிற கறிவேப்பிலை. பேரன் தின்றால் விஷம், தாத்தா தின்றால் விசேஷமா?

நூடுல்ஸும் ரேஷன் கோதுமையும் ஒரே காலத்துச் சரக்கு. 1954-ல் அமெரிக்கா பி.எல்.480 என்று ஒரு சட்டம் போட்டு, தன்னிடம் மிஞ்சிய கோதுமையைப் பஞ்சப்பட்ட நாடுகளுக்கு அனுப்பியது. நாம் சின்னப்பிள்ளைகளாக ரேஷன் வரிசையில் நின்று வாங்கினது அந்தக் கோதுமையைத்தான். போருக்குப் பின் ஜப்பானுக்கும் அமெரிக்கக் கோதுமை போனது. ரொட்டி தின்னப் பழகச் சொன்னார்கள். ‘எங்கள் மக்கள் நூடுல்ஸ் தின்கிறவர்கள், அதில் ஏன் செய்யக்கூடாது’ என்று யோசித்த மொமோஃபுகு ஆண்டோ 1958-ல் வெந்நீர் ஊற்றினால் தயாராகிற நூடுல்ஸைக் கண்டுபிடித்தார். அவர்களும் நாமும் மிச்சக் கோதுமையில் வயிறு நிரப்பினவர்கள். இதில் ஒருவர் ஒருவரை ஏச என்ன இருக்கிறது?

மூன்றாவது குற்றச்சாட்டுதான் பெரியது. நம் கம்பையும் சோளத்தையும் குதிரைவாலியையும் நூடுல்ஸ் அழித்துவிட்டது என்கிறார்கள். இதற்கு நான் வருஷக்கணக்கைத்தான் கேட்பேன். மேகி இந்தியாவுக்கு வந்தது 1983. நம்ம பக்கத்துத் தெருக்களில் நூடுல்ஸ் வண்டி நின்றது இந்தப் பதினைந்து இருபது வருஷமாகத்தான். கம்மங்கஞ்சி நம் அடுப்படியை விட்டுப் போனது எப்போது?

விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம் பக்கம் கிராமம் கிராமமாகப் போனவன் நான். எழுபதுகளின் கடைசியில்கூட மத்தியானம் போனால் குதிரைவாலிச் சோறும் கானப்பயற்றுத் துவையலும், இல்லாவிட்டால் கரைத்த கம்மங்கஞ்சியும் மோர் மிளகாயும் கிடைக்கும். எண்பதுகளில் மெல்ல மெல்ல வெள்ளைச் சோறு வந்தது. வந்ததற்குக் காரணம் இருந்தது. குதிரைவாலியின் உமியை நீக்கக் குத்திக் குத்தி நம் அம்மாமார் தோள்பட்டை போனது. கோழி கூவுமுன் எழுந்து உரலடியில் நின்றால் விடிந்த பிறகும் வேலை தீராது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கண்ட நெல்லுச்சோறு தினமும் கிடைக்கிறது என்றதும் எந்தப் பெண் வேண்டாம் என்பாள்? பிறகு ஒரு ரூபாய் அரிசி 2008-ல், விலையில்லா அரிசி 2011-ல். பசியைப் போக்கின திட்டம், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கம்பு தின்பது ஏழைத்தனம், அரிசி தின்பது கௌரவம் என்று முடிவு கட்டினது நூடுல்ஸ் கடைக்காரன் இல்லை. நம் தலைமுறை. கல்யாண வீட்டில் கேப்பைக்களி போட்டால் சம்பந்தி என்ன நினைப்பார் என்று கூசினதும் நம் தலைமுறைதான்.

காட்டைப் பாருங்கள். புரட்டாசியில் விதைக்கிற மானாவாரிக் கரிசலில் இன்றைக்கு எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம். 2018-ல் வந்த படைப்புழு ஒரு பருவத்தையே தின்றும் மக்காச்சோளம் போகவில்லை. ஏனென்றால் கோழித்தீவனத்துக்கு வாங்க ஆள் இருக்கிறது. கம்பு போட்டால் குருவி, காட்டுப்பன்றி, கடைசியில் விலை இல்லை. ஆக, கம்பு விளைந்த நிலம் கோழிக்குத் தீனி விளைக்கிறது. அந்தக் கோழி சிக்கன் நூடுல்ஸாக நம் பேரன் தட்டில் விழுகிறது. தட்டை மட்டும் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் காட்டைப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்.

பாரம்பரியம் என்கிற சொல்லை எடுத்தால் இன்னொன்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். நம் பக்கத்துக் கிராமத்து டீக்கடைகளில் இரண்டு வகை டம்ளர் இருந்ததைப் பார்க்காதவர்கள் நம்மில் யாராவது உண்டா? ஒரு வகை உள்ளே கழுவி வைத்திருக்கும். இன்னொன்று வெளியே கூரைக் குச்சியில் தொங்கும், குடிக்கிறவரே கழுவி வைக்க வேண்டும். பெஞ்சில் உட்கார முடியாமல் தரையில் குந்தி டீ குடித்த என் வயதுக்காரர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கு அந்தத் தள்ளுவண்டியைச் சுற்றிப் போட்ட பிளாஸ்டிக் ஸ்டூலில், நம் பேரப்பிள்ளைகளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, ஒரே மாதிரித் தட்டில் தின்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. மில்லில் ஷிஃப்ட் முடிந்து வருகிற பெண்பிள்ளைகள் நாலு பேராக வந்து, தங்கள் காசில் வாங்கி, சத்தமாகச் சிரித்துத் தின்றுவிட்டுப் போகிறார்கள். நாம் இளவட்டமாக இருந்தபோது ஒரு பெண் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஊர் என்ன பேசியிருக்கும்? அந்த வண்டியை எடு என்று மனுப் போடும்போது எதையெல்லாம் சேர்த்து எடுக்கச் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

இனி ஒரு செய்தி. சீனாவில் மஞ்சள் ஆற்றின் மேல்பகுதியில் லாஜியா என்ற இடம். சுமார் நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் பூகம்பத்திலும் வெள்ளத்திலும் புதைந்துபோன ஊர். அங்கே தோண்டியபோது கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கிண்ணத்துக்கு அடியில் மஞ்சளாக, நீளமாக, சிக்குண்டு கிடந்தது நூடுல்ஸ். இதுவரை கிடைத்ததில் மிகப் பழையது. 2005-ல் ‘நேச்சர்’ இதழில் அதன் ஆராய்ச்சி வெளிவந்தது. எந்த மாவில் செய்திருந்தார்கள் தெரியுமா? கோதுமை இல்லை. தினையும் பனிவரகும்!

சிறுதானிய மாவுக்குப் பசை கிடையாதே, எப்படி இழுத்து நீட்டியிருக்க முடியும் என்று சிலர் மறுத்தார்கள். நியாயமான கேள்விதான். அந்த ஆராய்ச்சிக் குழுவே பிறகு செய்து பார்த்து, இழுத்து நீட்டவில்லை, அச்சில் போட்டுப் பிழிந்திருக்க வேண்டும் என்று காட்டியது. அச்சில் பிழிவது! நம் வீட்டுப் பரணில் துருப்பிடித்துக் கிடக்கிறதே சேவை நாழி, அதே தத்துவம். நூடுல்ஸின் பாட்டி சிறுதானியக்காரி. நாம் யாரை ‘அந்நியன்’ என்று வாசலில் நிறுத்தி ஏசுகிறோமோ அவன் தூரத்துச் சொந்தக்காரன்.

இதைச் சொன்னதும் ‘பார்த்தீர்களா, அதுக்குத்தான் இப்ப சிறுதானிய நூடுல்ஸ் வந்திருக்கு’ என்று ஒரு நண்பர் பாக்கெட்டை நீட்டினார். அவருக்கும் ஒரு வார்த்தை. பாக்கெட்டின் முன்பக்கத்தில் கம்புக் கதிர் படம் பெரிதாக இருக்கும். திருப்பிப் பாருங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது உணவுப் பொருள் சட்டம். முதலில் கோதுமை மாவு அல்லது மைதா என்று எழுதி, கம்பு மூன்றாவதோ நாலாவதோ வந்தால், அது கம்பு நூடுல்ஸ் இல்லை, கம்பு வாசனை பட்ட மைதா நூடுல்ஸ். விலை மட்டும் இரண்டு மடங்கு. விளாத்திகுளம் சம்சாரிக்கு அதில் என்ன போய்ச் சேருகிறது? 2023-ஐ ஐ.நா. சபை உலகச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது, அதை முன்மொழிந்ததே நம் நாடு. கொண்டாட்டம் பட்டணத்துப் பெரிய கடைகளில் நடந்தது. கரிசல் காட்டில் மக்காச்சோளம்தான் நின்றது.

நூறு கிராம் கம்பில் இரும்புச்சத்து ஆறு மில்லிகிராமுக்கு மேல், தீட்டின பச்சரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ரத்தசோகையோடு திரிகிற நம் பெண்பிள்ளைகளுக்குக் கம்பு வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் ‘நூடுல்ஸ் தின்னாதே’ என்று அதட்டினால் கம்பு வந்துவிடாது. நீங்கள் வேறு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

அதில் மூன்று விஷயம் இருக்கட்டும். ஒன்று, தள்ளுவண்டிக்காரர்களுக்கு ஓர் இடம், குழாய்த் தண்ணீர், குப்பைத் தொட்டி கொடுத்து, பொரித்த எண்ணெயையும் சாயத்தையும் மாதம் ஒரு தடவையாவது சோதிக்க வேண்டும். இரண்டு, 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்களே, அதுபோல நம் பக்கம் கம்பும் குதிரைவாலியும் கொடுக்க வேண்டும், அதையும் நம் சம்சாரிகளிடமே நியாய விலைக்கு வாங்க வேண்டும். மூன்று, 1901-லிருந்து நம் ஊரிலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிப் பயிருக்கு எத்தனையோ ரகம் கொடுத்த இடம். விதை நம் ஊரிலேயே இருக்கும்போது, உமி நீக்குகிற இயந்திரமும் சேவை பிழிகிற இயந்திரமும் பிர்க்காவுக்கு ஒன்று மகளிர் குழுக்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பழையபடி உரலடிக்குப் போ என்று எந்தப் பெண்ணிடமும் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்குச் சின்ன அனுபவம் ஒன்று. நான் அரைத் தட்டு வாங்குகிற வண்டிக்காரத் தம்பியிடம் ஒரு நாள் வீட்டில் பிழிந்த கம்பு சேவையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘இதை உன் சட்டியில் போட்டுக் கிண்டு பார்ப்போம்.’ முதல் தடவை எத்தினதும் பொடிப்பொடியாக உடைந்து உப்புமாவாகிவிட்டது. ‘அய்யா, இது சட்டிக்கு ஆகாது’ என்றான். அடுத்த வாரம் மூன்றில் ஒரு பங்கு அரிசி மாவு சேர்த்து, கொதிக்கிற தண்ணீர் விட்டுப் பிசைந்து, பிழிந்து, ஆவியில் வேகவைத்து, நன்றாக ஆறவிட்டுக் கொண்டுபோனேன். இந்தத் தடவை அவன் எத்தவில்லை, கரண்டியால் பதமாகப் புரட்டினான். சின்ன வெங்காயம், பூண்டு, முட்டைக்கோஸ், கிள்ளின வத்தல், ஒரு முட்டை, கடைசியில் துளி நல்லெண்ணெய். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் ஒருவன் வாங்கித் தின்றுவிட்டு, ‘அண்ணே, இது என்ன நூடுல்ஸ்? பிரவுனா இருக்கு, நல்லாருக்கு’ என்றான். தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இருவரும் பதில் சொல்லவில்லை. கம்பு என்று சொன்னால் தட்டை வைத்துவிடுவானோ என்கிற பயம்தான். அந்தக் கூச்சம் அந்தப் பையனுக்கு எங்கிருந்து வந்திருக்கும்? நம்மிடமிருந்துதான்.

வாரம் ஒரு நாள் நம் வீட்டு அச்சில் கம்போ கேப்பையோ குதிரைவாலியோ பிழிவோம். பேரப்பிள்ளைகள் ‘நூடுல்ஸா தாத்தா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்று சொல்வோம். அதில் பொய் எதுவும் இல்லை. அச்சைக் கழுவி எடுத்து வையுங்கள், அண்ணாச்சி. மாவு அரைக்கிற மில் நம் தெருவிலேயே இருக்கிறது.